நடுவில் நிற்காத ஜாடி

“இக்கதையில் வரும் சிறுமியின் குணநலன்களை உன் சொந்த நடையில் விவரி.”

பத்து மதிப்பெண் கேள்வி. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில் அவளிடம் கேட்கப்பட்டது. கதையை எழுதியவர் அவளுடைய அப்பா. கதையில் வரும் சிறுமி அவள்தான்.

“எவ்வளவு வாங்கினே?” என்று கேட்டார் மேடம்.

“ரெண்டு.”

“பத்துக்கா?”

“ஆமா. பக்கத்துல சிவப்பு மையில எழுதியிருந்தாங்க. ‘கதையை ஊன்றிப் படிக்கவில்லை’ன்னு.”

ஜன்னலோரம் நின்றிருந்த கண்டக்டர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார். முடியவில்லை. “சொந்த பஸ்ஸுல ஏறி வித்தவுட்டுன்னு மாட்டின கதையா இருக்கே.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. “அதோட ஸ்கூலுக்குப் போறதை நிறுத்திட்டேன்” என்றாள். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் இரண்டு நாற்காலிகள்தான். கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிரும். மேடம் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, எரியாத கடை எரிந்ததாகவும் தொலையாத நகை தொலைந்ததாகவும் சொன்னவர்களைக் கேட்டுக் கேட்டுக் களைத்து, பிறகு அதே துப்பறியும் வேலையைத் தனியாகச் செய்ய ஆரம்பித்தவர். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். கண்டக்டர் முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். தொலைந்த குடையைத் தேடித்தரச் சொல்லி ஒருநாள் படியேறி வந்தார். குடை கிடைக்கவில்லை. அவர் உதவியாளராகத் தங்கிவிட்டார்.

மேடத்துக்கு அன்று குதிகால் வலி. நாலு நாளாகச் சரியான தூக்கமும் இல்லை. “தொலைஞ்சது என்னன்னு சொல்லு” என்றார்.

“நோட்டு. ஒன்பது.”

“பையைக் கீழ வெச்சுட்டு நிம்மதியா உக்காரும்மா” என்றார் கண்டக்டர். “இங்க லக்கேஜுக்கு டிக்கெட் கிடையாது.”

அவள் மடியிலிருந்த துணிப்பையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னது இவ்வளவுதான். அப்பா பெரிய நாவலாசிரியர். அம்மா ஓவியர். அண்ணன் கவிஞர். மூன்று பேரையும் ஊருக்குத் தெரியும். மூன்று பேர் வேலையிலும் அவள் இருக்கிறாள். அம்மா வரைந்த ‘மகள்’ வரிசைப் படங்களில் மூன்று வயதிலிருந்து பதினேழு வயதுவரை இருக்கிறாள். ஒருமுறை பல் டாக்டரிடம் போனபோது, அங்கே மாட்டியிருந்த காலண்டர் படத்தில் இருந்த அவளுக்குக் கீழேயே, வீங்கிய கன்னத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் நூலகத்தில் அவளை நிறுத்தி, ‘உன்னைச் சின்ன வயசுலேருந்து தெரியும்’ என்பார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் யாருக்கும் தெரியாமல் எழுத ஆரம்பித்தாள். நாலு வருடம், ஒன்பது நோட்டு. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறையில், அலமாரித் தட்டில், பழைய சாமான்களுக்குப் பின்னால்.

“ரெண்டு வாரம் முன்னாடி யாரோ படிக்கிறாங்கன்னு சந்தேகம் வந்துச்சு. மேல் நோட்டு மேல ஒரு தலைமுடியை வெச்சேன். நேரா. மறுநாள் முடி இருந்துச்சு. ஆனா வளைஞ்சு இருந்துச்சு.”

“அப்புறம்?”

“செவ்வாய்க்கிழமைலேருந்து நோட்டு அங்க இல்லை. புதன்கிழமை மத்தியானம் சாப்பிடுறப்போ சொன்னேன். யாரும் ஒண்ணும் சொல்லலை.” அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “இன்னிக்கு நாலு மணிக்கு அப்பாவோட புது புத்தகத்தை வாங்கிட்டுப் போக பதிப்பகத்துலேருந்து ஆள் வர்றார். அது எங்க வீட்டைப் பத்தின புத்தகம். அச்சாகுற வரைக்கும் வீட்டுல யாரும் படிக்கக் கூடாது. என் நோட்டுல இருக்கறது அதுல போயிருந்தா...”

  மேடம் செருப்பைக் கால்களாலேயே தேடி மாட்டிக்கொண்டார்.

“நாலு மணின்னா இப்பவே கிளம்பணும்” என்றார்.

*

வீடு மூன்று மாடி. உள்ளே நுழைந்ததும் சாப்பாட்டு அறை. அதன் நடுச்சுவரில், படம் மாட்ட வேண்டிய இடத்தில், பள்ளிக்கூடத்தில் இருப்பது போல ஒரு கரும்பலகை. கீழே ஒரு மரத்துண்டின் மேல் ஒரே ஒரு சாக்பீஸ்.

கண்டக்டர் அதை உரக்கப் படித்தார்.

“தண்ணீர்க் குழாய் உடைந்தது, அண்ணன். பக்கத்து வீட்டுக் கல்யாணம் நின்றது, அப்பா. பூனை செத்தது, அம்மா. பல் டாக்டர் சொன்ன பொய், அப்பா.” திரும்பினார். “குழாயை உங்க அண்ணன் உடைச்சது புரியுது. கல்யாணத்தை எதுக்கு அப்பா நிறுத்தினார்?”

“நிறுத்தலை, எடுத்துக்கிட்டார்” என்றது ஒரு குரல். மேஜையின் மறுகோடியில் ஒருவர் காலை நாற்காலியில் நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வயது, நான்கு நாள் தாடி. கவிஞர் அண்ணன். “இந்த வீட்டு வழக்கம் சார். வீட்டுல எது நடந்தாலும் முதல்ல யார் பலகையில எழுதுறாங்களோ அது அவங்களுக்குச் சொந்தம். அவங்கதான் எழுதலாம், வரையலாம். மத்தவங்க தொடக் கூடாது. வேலை முடிஞ்சதும் எழுதினவங்களே அழிக்கணும். வேற யாரும் அழிக்கக் கூடாது.”

“எதுக்கு இப்படி ஒரு வம்பு?”

“குட்டிக்கு ரெண்டு வயசுல ஜுரம் வந்துச்சு. அதை அப்பா கதையா எழுதிட்டார். அம்மா படமா வரைஞ்சுட்டாங்க. ரெண்டும் ஒரே மாசத்துல வெளியில வந்து, ரெண்டு பேரும் மூணு மாசம் பேசிக்கலை. அப்புறம்தான் பலகை.”

கண்டக்டர் தாடையைச் சொறிந்தார். “பூனையை எப்போ புதைச்சீங்க?”

“சாயங்காலம்.”

“எழுதினது?”

“காலையில.”

மேடம் பலகையின் முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார். “உன் பேர் எங்கேயும் இல்லையே?”

“அப்போ எனக்கு எட்டாது. எட்டினப்போ எல்லாத்தையும் அவங்க எழுதி முடிச்சிருந்தாங்க.”

மேடம் அண்ணன் பக்கம் திரும்பினார். “புதன்கிழமை இவ நோட்டு காணோம்னு சொன்னாளே. செத்த பூனையையே விடாத வீடு. வீட்டுக்குள்ள திருட்டு, அதை ஏன் யாரும் எழுதலை?”

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “நான் எழுதலாம்னுதான் எழுந்தேன். ஆனா என்ன நோட்டு, அதுல என்ன இருக்குன்னே தெரியாம எதை வெச்சு எழுதறது? அப்பா காதுல எதுவும் விழறதில்லை, சாப்பிடுறப்பவும் அந்தப் புத்தகத்துலதான் இருந்தார். அம்மா...” யோசித்தார். “அம்மா ஒண்ணுமே சொல்லலை. தட்டை எடுத்துட்டு எழுந்து போயிட்டாங்க. ஏன் குட்டி, என்னையா சந்தேகப்படறே? நேத்து ஒரு நல்ல வரி தோணுச்சு, கேளுங்க சார்...”

வரி நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு இன்னும் மூன்று வரிகள் வந்தன. சாமான் அறையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் அவரிடமிருந்து நகர முடிந்தது.

“இவர் பேரை அடிச்சிடலாம் மேடம்” என்றார் கண்டக்டர் நடையில் வந்ததும். “ஒரு நல்ல வரி கிடைச்சா பத்து நிமிஷம் உள்ள வெச்சிருக்க முடியாத மனுஷன். ஒன்பது நோட்டைத் திருடியிருந்தா இந்நேரம் மைக் செட்டுக்குச் சொல்லி விட்டிருப்பார்.”

“மூணு பேர்ல ஒண்ணு போச்சு” என்றார் மேடம். “முதல்ல அப்பாவோட அந்தப் புத்தகத்தைப் பார்த்துடுவோம். நாலு மணிக்கு அது போயிட்டா அப்புறம் யாரைப் பிடிச்சும் பிரயோஜனம் இல்லை.”

*

நாவலாசிரியர் அறை முதல் மாடியில். நாற்பது வருடப் புத்தகங்கள் நாலு சுவரையும் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்திருந்தன. மேஜை மேல் பழுப்புத் தாளில் சுற்றி, நூல் கட்டிய கட்டு. அவர் உயரமானவர். உட்கார்ந்தபோதும் உயரமாக இருந்தார். திருட்டு என்றதும் புருவத்தைத் தூக்கினார். மகள் என்றதும் முகம் மலர்ந்தது.

“அவளைப் பத்தி எழுதின பக்கமா? தாராளமாப் பாருங்க. வீட்டு ஆளுங்களுக்குத்தான் தடை. நீங்க வெளியாள்தானே.” நூலை அவரே அவிழ்த்தார். “எல்லாரும் முதல்ல அதைத்தான் கேட்பாங்க.”

மகள் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வருமாறு யாரும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்த்தது போலத் தெரியவில்லை.

மேடம் நின்றபடியே படித்தார். இன்ஷூரன்ஸ் தாள்களைப் படித்துப் பழகிய கண். எது புதிதாகச் சேர்த்தது என்று பார்த்தவுடன் தெரியும். நாற்பது பக்கம் மகளுக்கு. முதல் ஜுரம். விழுந்த பல். புறாவைக் கண்டால் பயம். அந்தப் பரீட்சைத் தாளும் இருந்தது.

“அந்த ரெண்டு மார்க் விஷயம் ஜனங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றார் அவர்.

அடுத்த வரியில் மேடம் நின்றுவிட்டார். ‘மகள் இப்போது வீட்டில் இருக்கிறாள்.’ அதற்குக் கீழே மொட்டை மாடிச் செடிகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டது.

“நாலு வருஷத்துக்கு ஒரு வரிதானா சார்?”

அவர் நிஜமாகவே யோசித்தார். “அதுக்கப்புறம் அவ ஒண்ணும் பண்ணலையேம்மா” என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. வருத்தம்கூட இருந்தது. நல்ல நடை தெரிந்த குதிரை நொண்டிவிட்டால் ஏற்படும் வருத்தம்.

மேடம் மிச்சப் பக்கங்களையும் புரட்டிவிட்டுக் கட்டை அவரிடம் கொடுத்தார். வெளியே வந்ததும் அந்தப் பெண்ணிடம் சொன்னார். “உன் நோட்டுலேருந்து ஒரு வார்த்தை அதுல இல்லை.”

“எப்படித் தெரியும்? நீங்க என் நோட்டைப் படிக்கலையே.”

“உனக்குப் பதினஞ்சு வயசு ஆனதுக்கப்புறம் அதுல நீயே இல்லை.”

அவள் தலையசைத்தாள். அவள் முகத்தில் வந்தது நிம்மதியா என்று மேடத்தால் சொல்ல முடியவில்லை. வந்தது நிம்மதிதான் என்றால், அது நிறைய கசங்கிப் போயிருந்தது.

“அப்போ மூணுல ரெண்டு போச்சு” என்றார் கண்டக்டர். “அடுத்த ஸ்டாப்பிங் சாமான் அறை.”

*

அறை என்று சொல்வது மரியாதைக்காக. படிக்குக் கீழே குனிந்துதான் நிற்க முடியும். ஒரு சிறிய ஜன்னல். அலமாரித் தட்டில் வாய் நசுங்கிய வெள்ளை எனாமல் ஜாடி ஒன்று, காலி டப்பாக்கள் இரண்டு, ஒரு பழைய திரைத்துணி. அவற்றுக்குப் பின்னால் வெற்றுப் பலகை.

“செவ்வாய்க்கிழமைலேருந்து இதை யாராவது தொட்டாங்களா?”

“இல்லை. அப்படியே விட்டிருக்கேன்.”

“நீ வழக்கமா எப்படி வைப்பே? வரைஞ்சு காட்டு.”

“எனக்கு வரைய வராது.”

“அப்படின்னா ரொம்ப நல்லது.”

அவள் மேடத்தின் டைரியில் வரைந்தாள். நடுவில் ஜாடி. இடது பக்கம் ஒரு டப்பா, வலது பக்கம் ஒரு டப்பா. அதற்குமுன் நாலாக மடித்த துணி. பள்ளிக்கூடக் குழு போட்டோ மாதிரி எல்லாம் நேராக நின்றன.

மேடம் டைரியைத் தட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். இங்கே ஜாடி நடுவில் இல்லை. இடது ஓரமாகத் தள்ளி, அதன் கைப்பிடி ஜன்னல் வெளிச்சம் படும்படி திரும்பியிருந்தது. ஒரு டப்பா அதற்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. இன்னொன்று சாய்த்துப் படுக்க வைக்கப்பட்டிருந்தது. துணி தட்டின் விளிம்பிலிருந்து ஒரு மடிப்பாக வழிந்தது.

“கண்டக்டர், இதையெல்லாம் கீழ இறக்கிட்டு, மறுபடி உங்க இஷ்டத்துக்கு அடுக்குங்க.”

கண்டக்டர் முனகிக்கொண்டே செய்தார். ஜாடி, டப்பா, டப்பா, துணி. வரிசையாக. “உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க” என்று கடைசி டப்பாவைத் தள்ளினார்.

எட்டிப் பார்த்த அண்ணனையும் மேடம் விடவில்லை. அவர் நாலையும் இரண்டு கையாலும் அள்ளி உள்ளே திணித்து, மேலே துணியை எறிந்துவிட்டு, “இதுல என்ன துப்பு இருக்கு?” என்று கேட்டார்.

“நீங்க போய் டீ குடிங்க” என்றார் மேடம்.

அவர் போனதும் கண்டக்டர் குரலைத் தாழ்த்தினார். “என்ன மேடம், புரிஞ்சிருச்சா?”

“சாதாரண ஆளு வரிசையா வைப்பான். அவசரக்காரன் திணிப்பான். ஒளிச்சு வைக்கிறவ நடுவுல வைப்பா, கலைஞ்சா தெரியணும்னு. இங்க இருந்தது இது எதுவும் இல்லை. இப்படி ஓரமா, வெளிச்சத்துல, ஒண்ணை ஒண்ணு பாதி மறைச்சு. நாற்பது வருஷமா ஜாடியைப் பார்த்து வரைஞ்ச கை இது. இந்தக் கையால நடுவுல வைக்கவே முடியாது.” மேடம் டைரியை மூடினார். “முடி வளைஞ்சு இருந்துச்சுன்னு சொன்னாளே, அதுவும் இதே கைதான்.”

கண்டக்டர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆச்சரியமே வரவில்லை என்பதை அவரும் கவனித்தார், மேடமும் கவனித்தார். 

*

ஓவியரின் அறை மூன்றாவது மாடி. மேடம் ஒவ்வொரு படியிலும் குதிகாலைத் திட்டிக்கொண்டே ஏறினார். பெண்ணைக் கீழேயே இருக்கச் சொல்லியிருந்தார்.

ஓவியர் பெரிய கான்வாஸ் ஒன்றில் வெள்ளைச் சுவரை வரைந்துகொண்டிருந்தார். சுவர் மட்டும்தான். சுற்றிலும் சாய்த்து வைத்திருந்த படங்களிலும் சுவர், காலி நாற்காலி, திறந்த கதவு. ஆள் யாரும் இல்லை.

“ஜாடியை நீங்கதான் நகர்த்தினீங்க” என்றார் மேடம், மூச்சு வாங்கியபடி.

ஓவியர் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. “உக்காருங்க. கால் வலிக்குது உங்களுக்கு” என்றார். பிறகு, “எப்படித் தெரிஞ்சுது?” என்றார்.

“ரொம்ப அழகா இருந்துச்சு.”

ஓவியர் பிரஷ்ஷை வைத்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் அதே அலமாரித் தட்டு, அதே ஜாடி, பென்சிலில். நடுவில் ஜாடி, இரண்டு பக்கமும் டப்பா. பக்கம் பக்கமாக.

“ரெண்டு வருஷமாப் படிக்கிறேன். அவ நூலகம் போற நேரத்துல. எதையும் தொடறதுக்கு முன்னாடி இருக்கறதை வரைஞ்சுக்குவேன். படிச்சுட்டு, இதைப் பார்த்து அப்படியே திரும்ப வைப்பேன். முடியை மட்டும் முதல்ல கவனிக்கலை. அப்புறம் குத்துமதிப்பா வெச்சேன்.”

“செவ்வாய்க்கிழமை?”

“செவ்வாய்க்கிழமை எல்லாத்தையும் எடுத்துட்டுப் பார்த்தேன். பின்னால ஒண்ணுமே இல்லை.” அவர் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது. “உடனே தேடணும்னு தோணுச்சு. வரைஞ்சதைப் பார்க்காம வெச்சுட்டு வந்துட்டேன். ஜாடியை எங்க வெச்சேன்னு இப்பவும் எனக்கு ஞாபகம் இல்லை.”

கண்டக்டர் மேடத்தைப் பார்த்தார். “அப்போ எடுத்தது நீங்க இல்லையாம்மா?”

“நான் எடுப்பேனா? அன்னிக்கு ராத்திரியே வீடு முழுக்கத் தேடிட்டேன். அவர் மேஜை, பெரியவன் கட்டிலடி, மொட்டை மாடித் தொட்டி வரைக்கும். எங்கேயும் இல்லை.”

“உங்க வீட்டு வழக்கப்படி அதையெல்லாம் நீங்க வரைஞ்சிருக்கலாமே” என்றார் மேடம். “ரெண்டு வருஷமா உங்க கையில இருந்திருக்கு. ‘மகள்’ படம் ஏன் நின்னு போச்சுன்னு ஊரெல்லாம் கேட்குதுன்னு எனக்கே தெரியும்.”

ஓவியர் கந்தலில் கையைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

“நாலாவது நோட்டுல ஒரு பக்கம். ‘ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் என்னைப் பார்க்காமல் இருந்தால் நான் எப்படி இருப்பேன் என்று தெரிந்துகொள்ளலாம்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தா. அன்னிக்கோட அவளை வரையறதை விட்டுட்டேன்.” கான்வாஸைக் காட்டினார். “இந்தச் சுவர் முன்னாடி அவ நிக்கிறா. எனக்குத் தெரியுது. வரையலை, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை போகுது தெரியுமா?”

“அவகிட்ட சொன்னீங்களா?”

“என்னன்னு சொல்றது? உன் நோட்டைத் திருட்டுத்தனமாப் படிச்சேன், அதனாலதான் உன்னை விட்டேன்னா? அவ என்ன நினைச்சிருக்கா தெரியுமா? ஆறாவது நோட்டுல இருக்கு. வளர்ந்ததும் அவ முகம் அம்மாவுக்குப் பிடிக்காம போச்சுன்னு.”

கீழ்ப்படியில் மரம் ஒருமுறை முனகியது.

*

மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் இடையே படி திரும்பும் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். பை மடியில். எல்லாம் கேட்டிருந்தது.

மேடம் அவளுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். ஒரு செருப்பைக் கழற்றினார்.

“வீடு முழுக்கத் தேடியாச்சு. உங்கம்மா தேடாத இடம் ஒண்ணுதான் பாக்கி” என்றார்.

அவள் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“எட்டு கிலோ லக்கேஜ்” என்றார் கண்டக்டர், ஒரு படி மேலே நின்றபடி. “வர்றப்பவே சொல்லிட்டேன் மனசுக்குள்ள. முப்பது வருஷம், தோள் எவ்வளவு இறங்குதுன்னு பார்த்தே எடை சொன்ன ஆளு நான். ஒன்பது தடி நோட்டு, ஒரு பேனா, ஒரு தண்ணி பாட்டில்.”

“ஏன் அப்பவே வாய்விட்டுச் சொல்லலை?” என்றார் மேடம்.

“நீங்களும்தான் சொல்லலை. பாவம், தூங்கற பயணியை எழுப்பி டிக்கெட் கேட்பானேன்னு விட்டுட்டேன்.”

அவள் பையின் வாயைத் திறந்தாள். ஒன்பது நோட்டும் இருந்தன. ஓரங்கள் மடங்கி, ஒரு நோட்டின் மேல் இன்னும் ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டு.

“அப்பா கட்டைப் பிரிச்சுப் பார்க்க வெளியாளால மட்டும்தான் முடியும்” என்றாள் மிகத் தாழ்ந்த குரலில். “திருட்டுன்னு சொன்னாத்தான் வெளியாள் வருவாங்க. செவ்வாய்க்கிழமை காலையில நான் எடுத்தேன். எடுத்துட்டு ஜாடியை நடுவுலதான் வெச்சேன். சாயங்காலம் பார்த்தா அது ஓரமா இருந்துச்சு. எனக்கும் தோணுச்சு, அம்மாதான்னு. ஆனா நான் சொன்னா கற்பனைம்பாங்க. இந்த வீட்டுல கற்பனைக்கு ஏற்கெனவே மூணு பேர் இருக்காங்க.”

“இப்போ தெரிஞ்சுபோச்சு.”

“ம்.”

மேலே கதவு திறந்தது. ஓவியர் கையில் கந்தலோடு வந்து நின்றார். மகளைப் பார்த்தார். மடியிலிருந்த நோட்டுகளைப் பார்த்தார். மகளும் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேருக்கும் நடுவே ஏழு படிகள் இருந்தன. ஓவியரின் வலது கை தானாக உயர்ந்து, காற்றில் கொஞ்சம் நின்று, இறங்கியது.

அந்த ஏழு படிகளை யாராவது ஒருவர் கடந்திருக்கலாம். ஆனால் கீழே, இரண்டாவது மாடிக் கைப்பிடியில் சாய்ந்தபடி ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா” என்று அண்ணன் குரல் படியெல்லாம் இறங்கி ஓடியது. “நோட்டு கிடைச்சிருச்சு. குட்டியே வெச்சிருந்திருக்கா. அம்மா ரெண்டு வருஷமாத் திருட்டுத்தனமாப் படிச்சிருக்காங்க. படிச்சுட்டுத்தான் படத்தையே நிறுத்தியிருக்காங்க.”

“பத்து நிமிஷம்னு சொன்னேன்” என்றார் கண்டக்டர் களைப்புடன். “ஒரு நிமிஷம்கூடத் தாங்கலை.”

*

அவர்கள் சாப்பாட்டு அறைக்கு இறங்கியபோது மணி நாலு. பதிப்பக ஆள் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நாவலாசிரியர் கட்டை அவரிடம் கொடுக்கவில்லை. மகன் சொன்னதை நின்றபடியே கேட்டு முடித்தார். கேட்கக் கேட்கப் பத்து வயது குறைந்தவர் போல நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். பல வருடங்களுக்குப் பிறகு அவளை அப்படிப் பார்த்தார்.

“இதையா இவ்வளவு நாள் மறைச்சு வெச்சிருந்தே?” என்றார். குரலில் பாசம்தான். அந்தப் பாசத்தோடேயே பலகையிடம் போய், சாக்பீஸை எடுத்து, பல் டாக்டருக்குக் கீழே எழுதினார்.

‘ஒன்பது நோட்டு, அப்பா.’

சாக்பீஸை வைத்துவிட்டுப் பதிப்பக ஆளிடம் திரும்பினார். “ஒரு வாரம் பொறுத்துக்குங்க தம்பி. கடைசி அத்தியாயம் இப்பத்தான் கிடைச்சுது.”

மேடம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் அந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைத் தாளைத் திரும்ப வாங்கியபோதும் அவள் முகம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ஓவியர் எல்லோரையும் தாண்டிப் பலகையிடம் போனார். கையிலிருந்த கந்தலை மடித்தார். அந்தக் கடைசி வரியை இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் துடைத்தார். கந்தலில் இருந்த ஈரமான வெள்ளைச் சாயம் பலகையில் ஒரு பட்டையாக அப்பிக்கொண்டது. இனி அந்த இடத்தில் யாராலும் எழுத முடியாது.

“என்ன பண்றே நீ?” என்றார் நாவலாசிரியர். கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது. “எழுதினவங்கதானே அழிக்கணும்.”

“தெரியும்” என்றார் ஓவியர்.

“பதினேழு வருஷத்துல ஒரு தடவைகூட யாரும்...”

“தெரியும்னு சொன்னேனே.”

நாவலாசிரியர் பலகையின் மறு ஓரத்துக்குப் போனார். அங்கே இன்னும் கொஞ்சம் கறுப்பு பாக்கி இருந்தது. சாக்பீஸுக்காகக் கை நீட்டினார்.

அதற்குள் மகள் அங்கே வந்திருந்தாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். மரத்துண்டின் மேலிருந்த அந்த ஒரே சாக்பீஸை எடுத்தாள். எல்லோரும் அவள் எழுதப்போகிறாள் என்று நினைத்தார்கள். அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டார்.

அவள் எழுதவில்லை. சாக்பீஸை உள்ளங்கையில் மூடினாள். அம்மாவை ஒருமுறை பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம். அம்மா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

கண்டக்டரின் கை, பழக்கத்தில், விசில் தொங்காத சட்டைப் பையைத் தொட்டுவிட்டு இறங்கியது.

பதிப்பக ஆள் ஒதுங்கி வழிவிட்டார். அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் வாசல்படி இறங்கிப் போனாள்.